ஒரே தாழி நீலம்

வீரவநல்லூர் கோமுவின் கைகள் முழங்கை வரை நீலம். இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள், அவன் விட்டுப்போன அவுரிச் சாயத் தாழியைத் தானே கலக்கி, நூலுக்குச் சாயம் போட்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். நூலை எத்தனை முறை முக்குகிறாளோ, அத்தனை முடிச்சுகளைச் நூல் கற்றையான சிட்டத்தைக் கட்டிய கயிற்றில் போட்டுவிடுவாள். வேலையில் அப்படி ஒரு கறார்.

1911ஆம் வருஷம் அவள் சாயமிட்ட நூலில் மேலப்பாளையம் முகம்மது மைதீன் ஒரு சேலை நெய்தார். ஒரு பட்டையில் நீல இழையும் வெள்ளை இழையும் மாறி மாறி ஓடும். அடுத்த பட்டையில் நீலமும் கறுப்பும். அவர் அதைத் திருநெல்வேலி ஜவுளிக்கடையில் கொண்டுவந்து விரித்த நேரம், கோமுவும் சாயம் போட அடுத்த நூல் வாங்க வந்து நின்றாள்.

கடைக்கார நமச்சிவாயத்துக்கு வாய் முந்தும், யோசனை பிந்தும்.

"ஏம்மா, இந்த நீலம் வெளுத்துக் கெடக்கு, அது இருண்டு கெடக்கு. பாதி நூலுக்குச் சாயத்தக் கொறச்சிட்டியா? இனி ஒனக்கு இங்கன நூல் கெடையாது" என்றார்.

கோமு குனிந்து பார்த்தாள். வெள்ளையோடு சேர்ந்த நீலம் வெளிறித்தான் இருந்தது, கறுப்போடு சேர்ந்தது கறுத்துத்தான் இருந்தது. எல்லாச் சிட்டத்திலும் ஐந்து முடிச்சு போட்டது நன்றாக நினைவிருந்தது. ஆனால் தன் கண்ணே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னால் அவள் என்ன செய்வாள், பாவம்?

"என் கைதான் பிசகியிருக்கும் மொதலாளி" என்றாள்.

மைதீன் சேலையை மடியில் இழுத்துப் போட்டார். ஓரத்தில் எடுத்தால் 'ஓரத்து நூல் வேற' என்று நமச்சிவாயம் அதற்கும் ஒரு நொட்டை சொல்வார் என்று, ஊசியால் நட்டநடுவிலிருந்தே இரண்டு நீல இழைகளைப் பைய உருவினார். ஒன்று வெள்ளைப் பட்டையில், மற்றது கறுப்புப் பட்டையில். இரண்டையும் கடைக்காரரின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல எது வெளுப்பு, எது இருட்டு? சொல்லும் வே."

நமச்சிவாயம் வெயிலில் நீட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒரே நீலம்.

"பொடி இழைன்னா பக்கத்து நிறமும் சேந்து கண்ணுல ஏறிரும். நூல்ல ஒரு கொறையுமில்ல" என்றார் மைதீன்.

நமச்சிவாயம் அசட்டுச் சிரிப்போடு நூல் பொதியைக் கோமுவிடம் எடுத்துக் கொடுத்தார். ஆனால் நடுவில் இழை போன சேலையை இனி யார் வாங்குவார்கள்? மைதீனின் பத்து நாள் பாடு அது.

கோமு இழை போன இடத்தைத் தடவிப் பார்த்தாள். "என்னால ஒங்க சேல பாழாப் போச்சே அண்ணாச்சி."

"போகட்டும் தாயி. செய்யாத தப்பச் செஞ்சேன்னு நீ சொன்னத என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியல."

அன்று சாயங்காலம் அம்மனுக்கு விளக்கேற்றியபோது, பிள்ளைகள் பெயருக்கு முன்னால் மைதீன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள். சாகும்வரை அந்த வரிசையை அவள் மாற்றவே இல்லை.