வலைக்கு நேரே வந்த கப்பல்

ஐரோப்பாவில் ஒரு நாடு. பெயரைச் சொன்னால் நமக்கென்ன, சொல்லாவிட்டால் நமக்கென்ன. பக்கத்தில் சண்டை மூண்டதும் அது தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இல்லாத காசை எங்கிருந்தோ தோண்டியெடுத்து ராணுவத்தில் கொட்டியது. புது விமானம், புது டாங்கி, பழைய போர்க்கப்பல்களுக்குப் புதுப் பீரங்கி. இந்த விவரமெல்லாம் கிறிஸ்துதாஸுக்கு அத்துப்படி. சொந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் யாரென்று கேட்டால் தலையைச் சொறிவார். அந்த நாட்டுக் கடற்படையில் எந்தக் கப்பலுக்கு எப்போது புதுப்பிப்பு என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. அமீரகத்து ஃபுஜைராவில் கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் அவர் எலக்ட்ரீஷியன். எண்ணெய்க் கப்பல்களுக்குக் காவல் என்று வளைகுடாவுக்கு வரும் அந்த நாட்டுப் போர்க்கப்பல்கள் வேலைக்கு ஒதுங்குவது அங்கேதான். குளச்சலுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவர் அவர். ஆனால் வள்ளத்தில் ஏறினாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். ஊரே கேலி செய்தது. அந்த வெட்கத்தில்தான் ஐடிஐயில் சேர்ந்து வயர் வேலை படித்தார், இருபத்து மூன்று வயதில் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். கட்டி நிறுத்திய கப்பலில் வாந்தி வராது. போர்க்கப்பலுக்குள் போய் வருகிறேன் என்று ஊரில் சொல்லும்போது, கேலி செய்தவர்கள் வாயடைத்து நின்றார்கள். அந்தப் பெருமையில் அவர் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார்.

மனைவி அருள்செல்வி அங்கேயே ஒரு கிளினிக்கில் நர்ஸ். மகள் அக்ஸா பத்தாம் வகுப்பு. அருள்செல்வியின் ஒரே தம்பி ரெஜின், ஜைத் என்ற உள்ளூர்க்காரரின் லாஞ்சில் மீன்பிடிக்கப் போகிறவன். ஜைத்திடம் பேசி அவனை வரவழைத்தது கிறிஸ்துதாஸ்தான். "உங்களை நம்பித்தான் அம்மா அவன விட்டுருக்கா" என்று அருள்செல்வி அடிக்கடி சொல்வாள். விளையாட்டாகச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் விளையாட்டில்லை.

ரெஜினைப் பற்றி கிறிஸ்துதாஸுக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. நம் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் மைல் கணக்கில் வலையை மிதக்க விட்டிருக்கும்போது பெரிய கப்பல் ஏதாவது அதற்கு நேரே வந்தால், மீன்பிடிக்கிறவர்கள் ஒதுங்க மாட்டார்கள். மோட்டாரை முழு வேகத்தில் விட்டு, கப்பலின் முகத்துக்கு நேரே பாய்வார்கள். படகின் மூக்கான முன்னணியத்தில் ஒருவன் நின்று சட்டையையோ கைலியையோ சுழற்றிக்கொண்டு கத்துவான். மேலே இருக்கிற மாலுமி பார்த்துவிட்டுக் கப்பலைத் திருப்பிக்கொள்வான். வலை பிழைக்கும். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். வளைகுடாவுக்கு வந்த பிறகும் நம் பையன்கள் அதைத்தான் செய்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கிறிஸ்துதாஸ் பேச்சை எடுத்தார்.

"ரெஜினே, சரக்குக் கப்பலுக்கு முன்னால போற மாதிரி நேவி கப்பலுக்கு முன்னால போயிராத கேட்டியா. நாங்க இப்ப ஃபிட் பண்ற பீரங்கி பக்கத்துல ஆளே நிக்க மாட்டான். கீழ ரூமுல ஒருத்தன் டிவி பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருப்பான். வேகமா ஒரு போட்டு வருதுன்னு மட்டும்தான் அவனுக்குத் தெரியும்."

"கண்ணுள்ளவனுக்குத் துணி தெரியாதா அத்தான்? கையில ஒண்ணும் இல்லன்னு காட்டத்தானே வீசுறோம்."

"வலை போனா போகட்டும்ல."

"நல்லா இருக்கே. வலைய அறுக்க விட்டுட்டு வேடிக்கை பாத்தேன்னு தெரிஞ்சா ஊர்ல சிரிப்பானுவ."

அக்ஸா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "டாட், ஷிப்ல லவுட் ஸ்பீக்கர் இருக்கும்ல? ஸ்டாப்னு சொல்லுவாங்க" என்றாள்.

"அது இருக்கு" என்றார் கிறிஸ்துதாஸ். "ரெண்டு மைலுக்குக் கேக்கும். நில்லுன்னு சத்தம் கேட்டா அந்த இடத்துலயே இன்ஜினை ஆஃப் பண்ணி நின்னுரணும். சரியா?"

"சொன்னா நிப்பேன் அத்தான்" என்றான் ரெஜின், மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியபடி. "சொல்லாட்டா எப்படி நிக்க?"

அந்த வாரத்தோடு, தளத்தில் நின்ற அந்த நாட்டுப் போர்க்கப்பலின் வேலை முடிய வேண்டும். பீரங்கிக்கு வயர் இழுத்தது கிறிஸ்துதாஸின் ஆட்கள். பழைய ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும் வேலையும் அவர்களுடையதே. ஒலிபெருக்கியை மாட்டியாயிற்று. கேபிள் முனைகளைப் பெட்டிக்குள் இணைப்பது மட்டும் பாக்கி. அவற்றைக் கிறிஸ்துதாஸ் டேப் சுற்றி விட்டிருந்தார். கடைசி நாள் மாலை சூப்பர்வைசர் ரகுநாதன் ஓடிவந்தார். "தாஸ், கன் டெஸ்ட் ஆரம்பிக்கப் போறாங்க, வாங்க. ஸ்பீக்கரை அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம். கேப்டன்கிட்ட சொல்லிட்டேன், ஓகேன்னுட்டார். கன் வேலை செஞ்சா அவங்களுக்குப் போதும்."

கிறிஸ்துதாஸ் போனார். பீரங்கி தானாக இடதுக்கும் வலதுக்கும் திரும்பியது. ஆளில்லாமல் தலையைத் தூக்கியது, இறக்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு காலை, கடலில் புழுதிமூட்டம். ஜைத்தின் லாஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். ரெஜின், அவன் ஊர்க்காரன் விபின், பங்களாதேஷ்காரர் ஒருவர். வலை விட்டிருந்தார்கள். மூட்டத்துக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் கப்பல் ஒன்று வலைக்கு நேரே வந்தது. விபின் லாஞ்சைத் திருப்பி முழு வேகத்தில் விட்டான். ரெஜின் முன்னணியத்தில் ஏறி நின்று சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். கப்பலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. முதல் குண்டுகள் தண்ணீரில் விழுந்தபோது, இன்ஜின் இரைச்சலில் அது என்னவென்று விபினுக்கு விளங்கவில்லை. இரண்டாவது முறை சுட்டபோது முன்னணியத்தில் ரெஜின் இல்லை.

அருள்செல்விக்குச் செய்தி டியூட்டியில் இருக்கும்போது வந்தது. அவள் அலறவில்லை. ஊசி போட்டுக்கொண்டிருந்த நோயாளியிடம் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். கிறிஸ்துதாஸ் போய்ச் சேர்ந்தபோதும் அங்கேயே இருந்தாள். பிணவறையில் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தபோதுதான் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டதற்குச் செத்திருக்கலாம் என்று கிறிஸ்துதாஸுக்குத் தோன்றியது.

மறுநாள் அந்த நாட்டுக் கடற்படை அறிக்கை விட்டது. சந்தேகத்துக்கிடமான படகு அதிவேகமாக நெருங்கியது. ஒலிபெருக்கி மூலம் பலமுறை எச்சரித்தோம். நிற்கவில்லை. தற்காப்புக்காகச் சுட்டோம். வருந்துகிறோம். செய்தியில் கப்பலின் பெயரைப் படித்ததும் கிறிஸ்துதாஸ் போனைக் கீழே வைத்தார். போன வாரம் அவர்கள் வேலை செய்து அனுப்பிய அதே கப்பல். டேப் சுற்றிய அந்தக் கேபிள் முனைகள் அவர் கண்ணிலேயே நின்றன.

விபினையும் மற்றவரையும் விசாரணைக்குப் பிடித்து வைத்திருந்தார்கள். கொள்ளைக்காரர்களா, கடத்தல்காரர்களா என்று கேள்வி. கப்பலை நோக்கி ஏன் பாய்ந்தாய் என்றால், வலையைக் காப்பாற்ற என்கிறான். அதை யார் நம்புவார்கள்? எச்சரிக்கை கேட்டதா என்றால், கேட்கவில்லை என்கிறான். அதையும் யாரும் நம்பவில்லை. ஜைத் மட்டும், என் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

கப்பல் மறுபடி தளத்துக்கு வந்தது. விசாரணைக்காரர்கள் மதியம் கப்பலைப் பார்வையிட வருகிறார்கள் என்று சொன்னார்கள். காலையில் ரகுநாதன் கிறிஸ்துதாஸைத் தேடி வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தாஸ், அந்த ஸ்பீக்கர் பெண்டிங் இருக்கில்ல. மதியத்துக்குள்ள முடிச்சிரச் சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"மேலருந்துதான். எனக்கு மட்டும் பிடிச்சா சொல்றேன்? முடிச்சிருங்க, கலாஸ், அதோட முடிஞ்சுது. அக்ஸாவுக்குப் பரீட்சை வருதில்ல."

டூல் பையை எடுத்துக்கொண்டு கிறிஸ்துதாஸ் மேலே ஏறினார். பெட்டியைத் திறந்தார். சுற்றிய டேப் அப்படியே இருந்தது, உப்புக்காற்றில் ஓரம் பிசுபிசுத்து. எடுத்து இணைத்தால் ஒலிபெருக்கி பேசும். பேசினால் ரெஜின் செத்தும் கொள்ளைக்காரன். விபின் ஜெயிலில். இணைக்காவிட்டால் தன் வேலை போகும், வீடு போகும், மகளின் படிப்பு நடுவில் நிற்கும். அவர் வீரனில்லை. வாந்திக்குப் பயந்து கரையேறினவர். மதியம் வரைக்கும் அந்தப் பெட்டிக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விசாரணைக்காரர்கள் வந்தார்கள். கூடவே கப்பலின் அதிகாரி. ஒலிபெருக்கியை ஒலித்துக் காட்டச் சொன்னார்கள். அதிகாரி மைக்கில் பேசினார். கடற்காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி பேசினார். மறுபடியும் ஒன்றுமில்லை. கிறிஸ்துதாஸ் எழுந்து பெட்டியைக் காட்டினார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: "சார், நோ கனெக்ஷன். லாஸ்ட் டைம் ஆல்சோ நோ கனெக்ஷன். திஸ் டேப், மை டேப்."

அதிகாரியின் முகம் சிவந்தது. செத்தவன் இவனுடைய மைத்துனன், இவனே கழற்றிவிட்டிருப்பான் என்றார். அப்போது பின்னாலிருந்து ரகுநாதனின் குரல் வந்தது. "இல்ல சார். அவர் கழற்றல. அடுத்த தடவை பாத்துக்கலாம்னு சொன்னது நான்." சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கேப்டனுக்கும் தெரியும் என்பதை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

விபினை விட்டார்கள். பங்களாதேஷ்காரரையும் விட்டார்கள். கடற்படையின் அறிக்கை மட்டும் ஓர் எழுத்தும் மாறவில்லை. பீரங்கி பிரமாதமாக வேலை செய்கிறது என்று அந்த நாட்டில் மேலும் கப்பல்களுக்கு அதையே மாட்டுகிறார்களாம். கம்பெனி கிறிஸ்துதாஸையும் ரகுநாதனையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அருள்செல்வியின் வேலையை வைத்து அக்ஸா பரீட்சை வரைக்கும் அங்கே இருக்கலாம். ரெஜினின் சவப்பெட்டியோடு ஊருக்குப் போக வேண்டியவர் கிறிஸ்துதாஸ்தான்.

கிளம்புகிற அன்று அருள்செல்வி அவர் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். விபின் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனான். தாஸ் அண்ணன் மட்டும் வாய் திறந்திருக்காவிட்டால் என் கதி என்ன அக்கா என்று அவளிடமும் சொன்னான். அவள் தலையாட்டினாள். அவன் போன பிறகு மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஏங்க, அந்த வயரை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

இத்தனை பேர் விசாரித்தார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஒரு நாள் வேலை என்றால் அவள் நம்பிவிடுவாள். அவளுக்கு என்ன தெரியும்?

"அரை மணி நேரம்" என்றார்.

"அன்னிக்கு அந்த அரை மணி நேரம் நீங்க என்ன செஞ்சிக்கிட்டு இருந்தீங்க?"

அவளுக்கே பதில் தெரியும். அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டு அவர்தானே கை கால் ஆட்டிச் சொன்னார், பீரங்கி எப்படித் திரும்பியது, எப்படித் தலையைத் தூக்கியது என்று. கிறிஸ்துதாஸ் கட்டிலில் உட்கார்ந்தார். அருள்செல்வி கடைசிச் சட்டையையும் மடித்து வைத்துப் பெட்டியை மூடினாள். விமான நிலையத்துக்கு அவள் வரவில்லை.