சிக்ஸ்டனின் கால்களுக்கு மேலதிகாரி யார்

"என் தலை உத்தரவு போடாம, என் காலு இதுவரைக்கும் ஒரு அடி எடுத்து வச்சதில்ல."

வட ஸ்வீடனில் எங்கள் ஆற்றங்கரையில், ஓர் ஆகஸ்டு காலையில் சிக்ஸ்டன் இப்படி அறிவித்தார். கேட்டவர்கள் நானும், ஸ்டாக்ஹோம் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்த மாலினும், ஒரு வாளி ஒன்பதுகண் மீன்களும். மீன்கள் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

ஒன்பதுகண் என்பது பாம்பு போல நீண்ட, தாடையில்லாத மீன். பக்கத்துக்கு ஒரு கண். அதோடு மூக்குத்துளை ஒன்று, செவுள்துளை ஏழு. திறந்திருப்பதையெல்லாம் கண் என்று எண்ணிய மேதைகள் எங்கள் முன்னோர். சிக்ஸ்டன் இவற்றைக் கூடு வைத்துப் பிடித்து, உப்பிட்டு, நெருப்பில் சுட்டு விற்பவர். உயிரோடு வேண்டுமென்று கேட்கும் ஒரே வாடிக்கையாளர் மாலின்.

வம்பை ஆரம்பித்ததும் அந்தப் பெண்தான்.

"இதோட தண்டுவடத்த மட்டும் எடுத்து உப்புத்தண்ணில போட்டு, ஒரு சொட்டு மருந்து விட்டா, நீந்த ஆரம்பிச்சிரும்."

"தலை இல்லாமயா?"

"தலையும் இல்ல, உடம்பும் இல்ல. இடப்பக்க நரம்பு துடிக்கிறப்ப வலப்பக்கத்த அடக்கி வைக்கும். அப்புறம் வலம் துடிக்கும், இடம் அடங்கிக் கெடக்கும். அந்த அலை அப்படியே வால் வரைக்கும் போகும். நீச்சல்னா அதான். நம்ம நடையும் ஏறக்குறைய அப்படித்தான். தலை கெளம்புன்னு சொன்னாப் போதும், மீதியத் தண்டுவடம் பாத்துக்கும். தலை வேற யோசனையில இருந்தாக்கூட."

"மீனுக்கு இருக்கலாம்," என்றார் சிக்ஸ்டன். அதன் பிறகு வந்ததுதான் மேற்படி பிரகடனம்.

அவர் சூடானதற்குக் காரணம் இருந்தது. பல ஆண்டுகளாக ஒரே ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவர் தலை கால்களுக்குத் தடை போட்டிருந்தது. அது அண்ணன் ஆல்கொட்டின் வீடு. இருவரும் பிறந்து வளர்ந்த வீடு. ஒரு நடுக்கோடை விருந்தில், ஊரே பார்க்க, தம்பி சுட்ட மீனை ஆல்கொட் ஒரு வாய் மென்றுவிட்டுத் தண்ணீர் கேட்டார். உப்பு அதிகம் என்றுகூடச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். இதைவிடச் சிறிய காரணத்துக்கு நாடுகள் போருக்குப் போயிருக்கின்றன என்று சிக்ஸ்டன் சொல்வார். எந்த நாடுகள் என்று சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில், படகுக்கொட்டகைக் கூரையில் பனி தள்ளும்போது ஆல்கொட் விழுந்தார். முதுகில் அடி. கால்கள் பேச்சைக் கேட்பதில்லை. ஊரில் எல்லோரும் ஏலக்காய் ரொட்டியோடு போய்ப் பார்த்தோம். சிக்ஸ்டன் மட்டும் போகவில்லை.

அடுத்த முறை மாலின் வந்தபோது, சிக்ஸ்டன் வாளியையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். முதுகுல அடி. கீழ இருக்கிற அந்த நரம்புக்கூட்டம் செத்துப்போயிருக்குமா?"

"யாரு?"

"உனக்குத் தெரியாது. ரொம்பத் தூரத்துல இருக்காரு."

மாலினின் தோளுக்குப் பின்னால் ஆல்கொட் வீட்டுப் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது.

"பெரும்பாலும் உயிரோடதான் இருக்கும். மேலேர்ந்து சேதிதான் போய்ச் சேராது. நூலளவு தொடர்பு மிச்சமிருந்தா, ஆள வார்ல தொங்கவிட்டு, ஓடுற பட்டை மேல காலை எடுத்து வச்சுப் பழக்குவாங்க. சிலருக்கு வரும், சிலருக்கு வராது."

"காலை யாரு எடுத்து வைப்பா?"

"பக்கத்துல ஒரு ஆள் வேணும். பொறுமைசாலியா."

அவர் உதட்டடிப் புகையிலையை இடம் மாற்றிக்கொண்டார். "சரி, அந்தத் தண்டுவடத்துக்கு வழியும் தெரியுமா?"

"நடக்கத்தான் தெரியும். எங்க போறதுன்னு தலைதான் முடிவு பண்ணணும்."

அந்தச் சனிக்கிழமை நான் ஆல்கொட் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். அங்கிருந்து அவர் படுத்திருக்கும் அறைக்குப் போகும் நிலைப்படி உயரமானது. காபியோடு கடக்கும்போதெல்லாம் இடறுவேன், அன்றும் இடறினேன். ஜன்னல் வழியாக சிக்ஸ்டன் தெரிந்தார். வாசற்கதவு வரை வந்தார், திரும்பினார், மறுபடி வந்தார். தலையை நனைத்து வாரியிருந்தார். போட்டிருந்தது ஞாயிற்றுக்கிழமைச் சட்டை.

ஆல்கொட்டின் மனைவி யெர்டா கதவைத் திறந்தாள். உள்ளறையிலிருந்து ஆல்கொட் குரல் கொடுத்தார்: "நீ எங்கடா இங்க?"

"நான் வரல. நான் ஆத்துக்குதான் கெளம்பினேன். காலு இங்க கூட்டிட்டு வந்திருச்சு."

வழியைப் பற்றி மாலின் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் வாயில் ரொட்டி இருந்தது.

"உன் காலாவது தானா வருது," என்றார் ஆல்கொட். "என்னோடது கெஞ்சினாலும் வரல."

யெர்டா அடுப்பிலிருந்து காபிக் கெண்டியை எடுத்தாள்.

"காபி குடிக்கிறயா?" யெர்டா கேட்டாள்.

சிக்ஸ்டன் எங்கள் ஊர் வழக்கப்படி மூச்சைச் சட்டென்று உள்ளிழுத்து ஆமாம் சொன்னார். காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். தனக்கும் அண்ணனுக்கும் யெர்டா ஊற்றிய இரண்டு கோப்பைகளையும் அவரே எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, ஒரு ஓடுற பட்டை இருக்காம்," என்று சொல்லியபடியே உள்ளறையை நோக்கி நடந்தார். "வார்ல தொங்கவிடுவாங்களாம். காலை நான் புடிச்சு எடுத்து வைக்கிறேன். மெதுவாத்தான்."

கண்கள் அண்ணன் முகத்தை விட்டு நகரவில்லை. தலை முழுக்க அந்தப் பட்டைதான் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் மிதிக்காத அந்த நிலைப்படி வந்தபோது வலது கால் தானே உயர்ந்தது, பின்னாலேயே இடது காலும். காபி ஒரு துளி சிந்தவில்லை.