கட்டளை பதினான்கின் சபாநாயகர்

செல்லத்துரை அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதை மறைத்து எழுதிப் பயனில்லை, அவருடைய மகளுக்கும் தெரியும். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கிய சபை அமர்வு பதினொன்றரை ஆகியும் ஓரங்குலம் நகரவில்லை. முரசுமோட்டையில் என் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையில் இருந்து போனைப் பார்த்தபடி, "இந்த மனிசன் எங்கட உயிரை வாங்கிறதுக்கெண்டே பிறந்தது" என்று கடைக்கு வந்தவரிடம் சொல்லி முடிக்கவில்லை, வதனி அழைத்தாள்.

"அப்பா கதிரையில இருந்தபடியே போயிட்டார் மாமா. போன் கையிலயே இருக்கு."

பிறகு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டாள். நல்லதாக வராது பிள்ளை என்றேன். "வாறதை எழுதுங்கோ, அப்பா திருத்த வரமாட்டார்" என்றாள். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

இந்த மலரை வாசிக்கும் உறவினர்களில் பலருக்குச் செல்லத்துரை அண்ணை கண்டாவளைக் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது மட்டும் தெரியும். அவர் ஒரு நாட்டின் சபாநாயகர் என்பது தெரியாது. தெரியாமல் இருந்திருந்தால் உங்களுக்கும் நிம்மதி, நாட்டுக்கும் மரியாதை.

நாட்டின் பெயர் மருதக் குடியரசு. கொரோனா ஊரடங்கில் ரொறன்ரோவில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஒருவருக்குப் பொழுது போகாமல் பிறந்த நாடு அது. அவரே அதன் சனாதிபதி. நிலப்பரப்பு, கனகராயன்குளத்தில் அவருடைய தகப்பனார் விட்டுப்போன அரை ஏக்கர் பற்றைக்காணி. அதில் இரண்டு பாலைமரங்களும் இடிந்த கிணறொன்றும் உண்டு. அந்தக் காணியும் அவருடைய அக்காவின் பேரில் இருப்பதாகப் பின்னர் தெரிய வந்தது. மற்றபடி நாடு முழுவதும் வட்ஸ்அப்பில் இருந்தது. இருபத்து மூன்று உறுப்பினர்கள், அவர்களில் பத்தொன்பது பேர் அமைச்சர்கள். ஒருவருக்கும் எதிர்க்கட்சியில் இருக்க மனமில்லாததால் நான் எதிர்க்கட்சித் தலைவரானேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, ஆகவே என் கட்சியில் பிளவும் வரவில்லை.

முதல் வருடம் சபை நடந்த அழகை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தேசியக் கொடியின் நிறத்தைப் பற்றி ஒருவர் எழுத, நடுவில் இன்னொருவர் காலை வணக்கம் என்று செவ்வரத்தம்பூப் படம் போடுவார். நீர்ப்பாசன அமைச்சர் லண்டனில் பேருந்துக்குள் இருந்து குரல்பதிவு அனுப்புவார், பேருந்துதான் கேட்கும். இந்தக் கூத்தை ஒழுங்குபடுத்த, ஆபத்தில்லாத மனிதர் என்று நம்பிச் செல்லத்துரை அண்ணையைச் சபாநாயகராக்கினார்கள். ஆளை எடைபோடத் தெரியாதவர்கள் நாடு நடத்தினால் இப்படித்தான் ஆகும்.

அவர் மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டு, நிலையியற் கட்டளைகள் என்ற தலைப்பில் சி.ஆர். கொப்பியொன்றில் கைப்பட எழுதிய அறுபத்தொரு பக்கங்களைப் படமெடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் குழுவில் போட்டார். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அவருடைய பெருவிரல் இருந்தது. பேசும்போது கரண்ட் போனால் என்ன செய்வது, போனில் சார்ஜ் இறங்கினால் யார் சாட்சி, பேரப்பிள்ளை தட்டி அனுப்பிய சொல் உறுப்பினரின் சொல்லாகுமா, எல்லாவற்றுக்கும் கட்டளை இருந்தது. கட்டளை ஒன்பது, உறுப்பினர் அமர்வின்போது சட்டை அணிந்திருக்க வேண்டும் என்றது. ஒருவரை ஒருவர் காணாத சபையில் சட்டை எதற்கு என்று கேட்டேன். நான் கடையில் பெனியனோடு இருப்பவன். "நீர் உம்மைக் காணுவீர்தானே தம்பி" என்று பதில் வந்தது. நான் ஒருநாளும் போடவில்லை. அவர் ஒவ்வொரு ஞாயிறும் மினுக்கிய வெள்ளை முழுக்கைச் சட்டையோடு கதிரையில் நிமிர்ந்து இருந்து போனைப் பார்ப்பார் என்று வதனி சொல்வாள். விசர் வேலை என்று இருவரும் சிரிப்போம்.

எல்லாவற்றிலும் கேவலமானது கட்டளை பதினான்கு என்பதுதான் அன்றைய என் அபிப்பிராயம். ஓர் உறுப்பினர் "எழுகிறேன்" என்று எழுதினால் சபை அவருடையது. அவர் "அமர்கிறேன்" என்று எழுதும்வரை வேறெவரும் ஓர் எழுத்தும், ஒரு பூவும், ஒரு சிரிப்புமுகமும் போடக்கூடாது. போட்டால் மூன்று அமர்வுகளுக்கு வெளியேற்றம். வெளியேற்றுவதற்கு ஒஸ்லோவில் இருந்த ஒரு பொறியியலாளரைப் படைக்கலச் சேவிதராக நியமித்தார். அந்த மனிதருக்குச் சிரிக்கத் தெரியாது, சொன்னதைச் செய்ய மட்டும் தெரியும். சனநாயகம் காட்டுவதற்காகச் சனாதிபதியும் குழுவின் நிர்வாகி உரிமையை விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து ஆட்களைக் குழுவில் சேர்ப்பதும் நீக்குவதும் ஒஸ்லோக்காரர் கையில்தான்.

முதலில் மாட்டியவன் நான். கலாசார அமைச்சர் தேசியப் பறவையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோது, தாங்க முடியாமல் "ஹா ஹா" என்று தட்டிவிட்டேன். அடுத்த நிமிடம் நாட்டுக்கு வெளியே நின்றேன். மறுநாள் காலை செல்லத்துரை அண்ணை சைக்கிளில் என் கடைக்கு வந்து, மடித்த கடிதமொன்றை மேசையில் வைத்தார். வெளியேற்ற அறிவித்தல், கையொப்பத்தோடு. "நேர கொண்டந்து தாறதுதான் முறை" என்றார். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு, நான் திட்டியதையெல்லாம் கேட்டுவிட்டுப் போனார்.

இனி லெட்சுமி அக்காவைச் சொல்ல வேண்டும். கண்டாவளைக்கு அப்பால் வாய்க்கால் ஓரத்தில் இருப்பவர். பெற்றோர் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், கலவரத்தில் அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அந்தக் காணிக்கு அரசாங்கத்திடம் பெர்மிற் கேட்டு அவர் ஏறி இறங்காத வாசல் இல்லை. என் கடைக்கு வந்தபோது பகிடிக்கு நான்தான் மருதக் குடியரசில் சேர்த்துவிட்டேன். குடியுரிமைச் சான்றிதழ் என்று ரொறன்ரோவில் இருந்து ஒரு படம் வந்தது. அவர் அதை அச்சடித்து, லமினேற் பண்ணிச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். "எங்கம்மா எந்த நாட்டு ஆளும் இல்லாமலே செத்துச்சு தம்பி. பொய் நாடா இருந்தா என்ன, பேரு எழுதி இருக்குல்ல?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

அவர் ஒரு விரலால், எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார். ஒரு வரிக்குக் கால் மணித்தியாலம் ஆகும். அவர் எழுந்த முதல் நாள், அந்தக் காணியின் கதையைத் தொடங்கினார். திரையில் "எழுதுகிறார்" என்று வரும், நிற்கும், மறுபடி வரும். பத்தொன்பது அமைச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்திருந்தார்கள். ஒரு மணித்தியாலத்தில் நான்கு வரி வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. சனாதிபதிக்குப் பொறுமை போய், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று கட்டளை பதினான்கை மாற்றத் தீர்மானம் கொடுத்தார். நானும் வாக்களிப்பதாகச் சொன்னேன். எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் ஒன்றுபட்ட ஒரே விடயம் அதுதான்.

அதைக் கேட்டு அண்ணை கடைக்கு வந்தார். கோபிக்கவில்லை. "முப்பது வருசம் சங்கத்தில கூட்டக் குறிப்பு எழுதினனான். எடுத்துப் பார்த்தா நாலு பேரின்ர பேர்தான் திருப்பித் திருப்பிக் கிடக்கு. மற்றாக்கள் கதைக்கேல்லையெண்டில்லை. சத்தத்தில எனக்குக் கேக்கேல்லை, நான் எழுதேல்லை."

"அதுக்கு இந்த ஒண்டுமில்லாத நாட்டிலயோ பிராயச்சித்தம்?" என்றேன்.

"இங்கதானே எனக்கு அதிகாரம் இருக்கு."

அந்த ஞாயிறு லெட்சுமி அக்கா பேசி முடித்ததும் தீர்மானம் எடுப்பதாக இருந்தது. பத்தே முக்காலுக்குச் சனாதிபதி பொறுக்காமல் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். ஒழுங்குப் பிரச்சினை மட்டும் நடுவில் எழுப்பலாம், அதற்கும் கட்டளை உண்டு. சபாநாயகர் தீர்ப்பளித்தார்: "உறுப்பினர் லெட்சுமி பேசிக்கொண்டிருக்கிறார். அவர் அமரும்வரை சபை அவருடையது." அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நாங்கள் எல்லோரும் அவர் வழமைபோலக் காத்திருக்கிறார் என்று நினைத்தோம். வெள்ளைச் சட்டையோடு, கதிரையில், லெட்சுமி அக்காவின் அடுத்த வரியைப் பார்த்திருந்தபடிதான் அவர் போயிருக்கிறார்.

அறுபத்தொரு பக்கத்தில் சார்ஜ் இறங்குவதற்கு விதி எழுதிய மனிதர், சபாநாயகர் செத்தால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுதவில்லை. அமர்வை ஒத்திவைக்க அவர் ஒருவருக்குத்தான் அதிகாரம். ஆகவே அமர்வு முடியவும் இல்லை. சாவுச் செய்தி கேட்டுச் சனாதிபதி "ஆழ்ந்த இரங்கல்" என்று குழுவில் தட்டினார். உறுப்பினர் லெட்சுமி இன்னும் அமரவில்லை என்பதால் ஒஸ்லோக்காரர் அவரை மூன்று அமர்வுகளுக்கு வெளியேற்றினார். தான் உண்டாக்கிய நாட்டுக்கு வெளியே ஒரு சனாதிபதி நிற்பதைக் காண எனக்குக் கொடுத்து வைத்திருந்தது.

அன்று பின்னேரமே அவர் என்னை அழைத்தார். "அந்த மனிசியிட்டச் சொல்லி ஒருக்கா 'அமர்கிறேன்' எண்டு அடிக்கப் பண்ணுங்கோ. இரங்கல் தீர்மானம் போடவேணும். அப்பிடியே மற்றத் தீர்மானத்தையும் முடிச்சுவிடலாம்." பிணம் இன்னும் வீட்டில் கிடந்தது. இரங்கலோடு சேர்த்து அந்த மனிதரின் கட்டளையையும் எரிக்க அவசரப்பட்டார்கள். இவ்வளவு தெரிந்தும் நான் போனேன். ஒரேயடியாகத் தொல்லை ஒழியட்டும் என்றுதான் போனேன்.

லெட்சுமி அக்கா வீதியோரம் காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். அழுத முகம். விடயத்தைச் சொன்னேன்.

"நான் அமர்ந்தா என்ன ஆகும் தம்பி?"

"தீர்மானம் எடுப்பினம். பிறகு ஆளுக்கு ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசத்துல எனக்கு ஒரு வரி வராதே." கொஞ்ச நேரம் நெல்லைக் கிளறினார். "ஐயா என்னை அமரச் சொல்லிட்டாரா?"

"இல்லை."

"எந்த அரசாங்கக் கந்தோர்லயும் என்னை முழுசாப் பேச விட்டதில்ல. பாதியில அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க. இன்னும் நான் கிணறு வெட்டின இடத்துக்கே வரல." என் முகத்தைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அந்த மனிதரின் ஒரு கட்டளையையும் நான் மதித்தவன் இல்லை. "அமராதேங்கோ அக்கா" என்றேன்.

செல்லத்துரை அண்ணையை அறிந்தவர்களே, அவருடைய சி.ஆர். கொப்பியை வதனி அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். சைக்கிள் மருமகனுக்குப் போய்விட்டது. நாட்டை நான் இன்றைக்கும் மதிக்கவில்லை, அதன் அமைச்சர்களை அதைவிடக் குறைவாகவே மதிக்கிறேன். இந்த அஞ்சலியைச் சபையில் சொல்லாமல் இந்த மலரில் எழுதுவதற்குக் காரணம், சபையில் எழுத எனக்கு அனுமதி இல்லை. அங்கே லெட்சுமி அக்கா பேசிக்கொண்டிருக்கிறார். அவருடைய கதை முடியும்வரை ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வயல் வேலை முடிந்து பின்னேரங்களில் ஒரு வரி, சில நாட்களில் இரண்டு. நேற்று இப்படி வந்தது: "அந்தக் கிணத்த நானும் அம்மாவும் தம்பியுமா மூணு பேருதான் வெட்டினோம்." அதற்குப் பிறகும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கடை பூட்டும் நேரம் வந்துவிட்டது. நான் உள்ளே போய் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டு, பொத்தானைப் பூட்டிக்கொண்டு, கதிரையில் வந்து இருந்தேன்.