தர்ஷிகாவின் கைப்பட்டி

தர்ஷிகாவுக்கு வலிப்பு நோய் இருப்பது கடையில் ஒருவருக்கும் தெரியாது. கலஹாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கண்டி நகரின் கொழும்பு வீதியில் உள்ள ஒரு புடவைக் கடையில் ஐந்து வருடமாக வேலை செய்கிறாள். மாத்திரை தவறாமல் போட்டால் மாதக்கணக்கில் ஒன்றும் வராது. போன வருடம் மட்டும், பேராதனையைத் தாண்டும்போது ஓடும் பஸ்ஸிலேயே வந்துவிட்டது.

சனம் நல்ல மனதோடுதான் உதவிக்கு வந்தது. ஒருவர் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் வாய்க்குள் கரண்டியை விட்டதில் முன்பல் உடைந்தது. யாரென்று பார்க்கப் பையைக் கொட்டினார்கள். நோயும் மருந்தும் எழுதியிருந்த கிளினிக் கொப்பி கைக்குக் கை மாறியது. பக்கத்துத் தோட்டத்துக்காரி ஒருத்தி அதை வாசித்துவிட்டாள். பேசி முடித்திருந்த கல்யாணம் அந்தக் கிழமையே நின்றுபோனது.

அதனால்தான், கிளினிக்கில் தாதி நிலூஷா ஒரு கைப்பட்டியைக் காட்டியபோது தர்ஷிகா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் மிஸ். இந்த வலிப்பு வருத்தத்தை நானே கையில கட்டிக்கிட்டுத் திரியவா?"

"வெளிய 'அவசரத்துக்கு'ன்னு மட்டும்தான் இருக்கும், என்ன வருத்தம்னு தெரியாது," என்றாள் நிலூஷா. "அவசரம்னா போனை இதுமேல வைப்பாங்க. நீங்க எதை எழுதி வச்சீங்களோ அதுதான் போன்ல வரும். மருந்து விவரமெல்லாம் பூட்டுக்குள்ள. அதைத் தொறக்க ஒரு ரகசிய நம்பர் வேணும். நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட அதைக் குடுத்து வைங்க."

பட்டியை வாங்கி வந்து, அதில் என்ன எழுதுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தாள். விலாசத்தை எழுதினாள், அழித்தாள். நோயின் பெயரையும் அழித்தாள். கடைசியில் தமிழிலும் சிங்களத்திலும் நான்கு வரி மிஞ்சியது: பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அண்ணன் கணேஸின் தொலைபேசி எண். ரகசிய எண்ணையும் அவனிடமே சொல்லிவைத்தாள்.

இந்த வருடம் பங்குனியில் ஒரு மத்தியானம், சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். முதலாளி சாவியைத் தேடி ஓடினார். சேலை பார்க்க வந்திருந்த கலகெதர வியாபாரி மஹ்ரூப், பட்டியில் 'அவசரத்துக்கு' என்று இருந்ததைக் கண்டு தன் போனை அதன்மேல் வைத்தார். வாசித்தார். "சாவி வாணாம் முதலாளி. எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்று சொல்லி, தலைக்கு ஒரு துணிக்கட்டை வைத்து, மெல்லப் பக்கவாட்டில் திருப்பினார்.

கண் விழித்ததும் தர்ஷிகா முதலில் பார்த்தது தன் பையைத்தான். அது மூடியபடியே இருந்தது.

"பயப்பட வாணாம் தங்கச்சி. மூணு நிமிஷம்தான். ஒங்கட அண்ணனுக்குப் போன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டிருக்கார்," என்றார் மஹ்ரூப்.

"போன்ல என்ன பாத்தீங்க?"

"என்ன செய்யணும்னு போட்டிருந்திச்சி, செஞ்சேன். வேற ஒண்ணும் அதுல இல்லையே."

இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தாள். சாவி தேடிய முதலாளி உட்பட எல்லோரும் அதை மயக்கம் என்றே சொல்லிக்கொண்டார்கள், அவள் மறுக்கவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில், கடையில் தன்னோடு வேலைக்கு நிற்கும் அஸீமாவிடம் மட்டும், சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி, "எனக்கு வலிப்பு இருக்கு அஸீமா," என்றாள்.

அஸீமா தன் பார்சலை ஓரமாக வைத்தாள். பிறகு, "இனி வந்தா நான் என்ன செய்யணும்? சொல்லுங்க," என்று கேட்டாள்.

தர்ஷிகா சொல்லிக்கொடுத்தாள்.