நிற்காத சிவப்புப் புள்ளி

வெள்ளிமலைக்குக் கணினி வந்த வேகத்திலேயே அதைக் கீழே அனுப்பிவிடும் பேச்சும் வந்துவிட்டது. சாமை மூட்டைகளை எடை போட்டால் ஒருவர் எடை அடுத்தவர் பெயரில் ஏறியது. எடைமேடையோடு கணினியை இணைக்கும் நிரல் நான் எழுதியது. கணினி வேண்டும் என்று மன்றாடி வாங்கியவர் விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் அம்மா. கள்ளக்குறிச்சியில் இருந்த எனக்கு விடியுமுன் அவர்தான் போன் போட்டார்.

"சார், மத்தியானம் மூட்ட ஏத்த லாரி வந்துடும். அதுக்குள்ள சரியாவலன்னா மிஷின தூக்கிடுவாங்க. அப்புறம் என் பேச்ச இங்க யாரும் கேக்கமாட்டாங்க."

முதல் பேருந்தில் மலை வளைவுகளைக் கடந்து மேலே போய்ச் சேர்ந்தேன்.

நிரலில் சந்தேகமான வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்போம். பிரேக்பாயிண்ட் என்று பெயர். ஓடுகிற நிரல் அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடும். உள்ளே என்ன நடக்கிறதென்று நிதானமாகப் பார்க்கலாம். 'எடை பூஜ்யமானால் அடுத்த மூட்டை' என்ற வரியில் வைத்தேன். சோதனைக்காக மூட்டைகள் ஏறின, இறங்கின. நிரல் நிற்கவே இல்லை.

பழைய நிரல்தான் ஓடுகிறதோ? திரையில் வரும் 'வணக்கம்' என்ற சொல்லை மாற்றி ஓட்டினேன். மாறியது; புதியதுதான். கணினியை அணைத்துப் போட்டேன். புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

"இன்னா சார், புள்ளி வெச்சிக்கினே இருக்கீங்க, கோலம் எப்ப போடுவீங்க?" என்றார் மூட்டை தூக்குகிறவர். முந்தின நாள் தன் எடையை இன்னொருவர் பெயருக்குப் பறிகொடுத்தவர் அவர்.

"அவர வுடுய்யா, வேல பாக்கட்டும்," என்று அதட்டிய செயலாளரின் கண் சாலையிலேயே இருந்தது.

சலித்துப்போய்த் தலையைத் தூக்கினேன். அப்போதுதான் எடைமேடையை ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு பேர் அடுத்த மூட்டையை வைத்த பிறகே, வேறு இரண்டு பேர் முந்தைய மூட்டையை இறக்கினார்கள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

"மொதல்ல அத எறக்கிட்டு இத வெக்கலாமேங்க?" என்றேன்.

"களத்துல தானியம் இருக்கச்ச தராசு காலியா நிக்கக்கூடாது சார். அது காலின்னா வூடும் காலி," என்றார் கோலம் கேட்டவர்.

மேடை பூஜ்யத்துக்கு வருவதே இல்லை; அதனால் நிரலும் அடுத்தவர் பெயருக்கு நகர்வதில்லை. யாருமே நடக்காத வழியில் நான் காவல் உட்கார்ந்திருந்தேன். என் அறையில் ஒரே ஒரு அரிசிப் பையை வைத்து, எடுத்து, வைத்துச் சோதித்த நிரல் அது.

எடை மாறும் வரிக்குப் புள்ளியை நகர்த்தினேன். மூட்டை ஏறியது. திரை உறைந்தது.

"ஐயோ, நின்னு போச்சி!" செயலாளர் நெஞ்சில் கைவைத்தார்.

"நிக்கத்தாம்மா காலையிலேர்ந்து தவம் கெடக்கறேன்."

உள்ளே இரண்டு மூட்டைகளின் எடை ஒன்றாகக் கிடந்தது. எடை கூடி, குறைந்து, அசையாமல் நின்ற பிறகு வருவதே அடுத்த மூட்டைக்காரரின் எடை என்று மாற்றி எழுதிவிட்டுப் புள்ளியை எடுத்தேன்.

லாரி வந்தபோது பாதி மூட்டைகள் சரியான பெயர்களில் ஏறியிருந்தன. கோலம் கேட்டவர் தன் எடையை இரண்டு முறை பார்த்துவிட்டு அடுத்த மூட்டைக்குக் கைகொடுத்தார். கடைசி மூட்டை இறங்கியபோது திரையில் பூஜ்யம் வந்தது, அன்றைக்கு முதல் முறையாக.

"காலி," என்றேன்.

"களமும் காலிதானே, பரவால்ல," என்ற செயலாளர் கோலம் கேட்டவர் பக்கம் திரும்பினார். "மிஷின் மேல தார்ப்பாய இழுத்து மூடுய்யா. நாளைக்கு வேணும்."