ஜமீல் பாய் இறைத்த தண்ணீர்

ஜமீல் பாய்க்குக் கோபம் வர ஒரு காரணம் போதும். பாலக்கரைப் பக்கம் அவர் குடியிருக்கும் தெருவோ காரணங்களை வாரி வழங்குகிற தெரு. "கோபம் இருக்கிற எடத்துலதான் கொணம் இருக்கும்" என்று அக்கம்பக்கத்தார் சமாதானம் சொன்னால், அவர் மனைவி கமர் ஜஹான், "கோபத்த கல்யாணத்துலேருந்து பாக்குறேன், கொணம் எப்ப வருதுன்னு சொல்லியனுப்புங்க" என்பாள்.

பாதி ஆயுளை அவர் வளைகுடா நாட்டில் கழித்தவர். ஒரு வெள்ளைக்காரரின் பாய்மரப் படகைப் பராமரிக்கிற வேலை. பணக்காரப் படகுதான், ஆனால் கிழட்டுப் படகு. வயதான படகு எங்காவது கசியும். கசிந்த தண்ணீர் அதன் அடிவயிற்றில் சேரும். அந்த இடத்துக்கு பில்ஜ் என்று பெயர். அங்கே ஒரு பம்ப் இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை உயர்ந்து, பம்ப் தானாக ஓடி, தண்ணீரைக் கடலில் கொட்ட வேண்டும். ஜமீல் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, சல்லடையில் சிக்கிய முடியையும் நூலையும் பிடுங்குவார். மிதவையை விரலால் தூக்கிப் பார்ப்பார். குழாயைக் கவ்வியிருக்கும் கிளிப் துருப்பிடித்திருந்தால் மாற்றுவார். மேலே, சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளத்தில் இரண்டு வடிகால் ஓட்டைகள். ஒரு பாட்டில் மூடி அடைத்துக்கொண்டாலும் போதும், அலைத்தண்ணீர் அங்கேயே தேங்கிப் படகு கனத்துவிடும். மூடியைப் போட்டவனைத் தமிழில் திட்டிக்கொண்டே குச்சியால் நெம்பி எடுப்பார். முதலாளிக்குத் தமிழ் தெரியாதது இருவருக்குமே நல்லதாகப் போயிற்று.

அந்தச் சம்பாத்தியத்தில்தான் வீட்டை எடுத்துக் கட்டினார். கட்டியபோது வாசலில் மூன்று படிகள் இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. படியை யாரும் திருடவில்லை, ரோடு வளர்ந்துவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டிவிட்டுப் போகிற ஒப்பந்தக்காரனுக்கு யார் வீடு எவ்வளவு தாழ்ந்தால் என்ன? தேர்தலுக்குத் தேர்தல் ரோடு மேலே போயிற்று, வீடு கீழே போயிற்று. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க விருந்தாளி மாதிரி நேராகக் கூடத்துக்குள் வந்தது.

"கடல்லயே என் படகு முழுகல. நடுத்தெருவுல என் வீட்ட முழுக வெச்சுட்டானுங்க" என்று ஜமீல் பல்லைக் கடித்தார். கேட்கிற இடத்திலெல்லாம் போய்க் கேட்டார், கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கூடத்து மூலையில் ஒரு குழி வெட்டி, அதில் பம்பை இறக்கி, மிதவை வைத்தார். படகில் செய்வது போலவே, போன தண்ணீர் திரும்பி வராதபடி குழாயைச் சன்னல் உயரத்துக்கு ஏற்றி வளைத்து, பின்சுவரில் ஓட்டை போட்டு முட்டுச்சந்தில் விட்டார். வீடு காய்ந்தது. செய்தி பரவி, ஸ்ரீரங்கத்து அபார்ட்மெண்ட்காரர்கள்கூடக் கார் நிறுத்தும் அடித்தளத்தில் தண்ணீர் நின்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

போன ஐப்பசியில் காலையில் பிடித்த மழை மதியம்வரை விடவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கூடத்தில் தண்ணீர் குறையவில்லை. ஜமீல் சல்லடையைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. மிதவை சரி, கிளிப்பும் சரி. அப்படியானால் கோளாறு வெளியே. குடையை எடுத்துக்கொண்டு, மழை நாளில் ஒருபோதும் எட்டிப் பார்த்திராத முட்டுச்சந்துக்குச் சுற்றிக்கொண்டு போனார். குழாயின் வாயில் பழஞ்சேலைத் துணியைத் திணித்து, வாழைநாரால் இறுக்கிக் கட்டியிருந்தது.

சந்தில் வாழைநார் வைத்திருப்பவள் ஒருத்திதான். காந்தி மார்க்கெட்டில் இலை விற்கும் பாப்பாயி, முசிறிக்காரி. ஜமீலுக்குத் தலைக்கேறிவிட்டது. துணியைப் பிடுங்கி எறிந்தார், தண்ணீர் மறுபடி சந்தில் கொட்டியது. கதவைக்கூடத் தட்டாமல் அவள் வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஏம்மா, என் கொழாய அடைக்க ஒனக்கு என்ன தைரியம்? அங்க என் வீடு முழுகுது."

சந்தைவிடவும் பள்ளத்தில் இருந்த வீடு அது. உள்ளே முழங்காலுக்குத் தண்ணீர். பக்கவாதத்தில் விழுந்த அவள் புருஷன் அமிர்தசாமி, செங்கல் அடுக்கி உயர்த்திய கட்டிலில் படுத்திருந்தார். செங்கல் தண்ணீருக்குள் மறைந்து, கட்டில் சட்டம் நனையத் தொடங்கியிருந்தது. பாப்பாயி அன்னக்கூடையால் தண்ணீரை வாரி வாசலுக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சொல்லிட்டுத்தான் அடைச்சிருக்கணும் பாய். ஒங்க வீட்டுக்கு வந்து சொல்றதுக்குள்ள கட்டிலு நனஞ்சிரும்னு அடைச்சுட்டேன். ஒங்க கொழாய்த் தண்ணி உள்ள வர்றத இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன். போன வருச மழையிலெல்லாம் ரோட்டுத் தண்ணின்னு நெனச்சு, ரோடு போட்டவன மண்ண வாரித் தூத்திக்கிட்டே எறச்சேன். எறைக்கையில ஒங்க மோட்டார் சத்தம் கேக்கும். பாய் வீடாவது காயுதேன்னு நெனச்சுக்குவேன்."

ஜமீல் நனைந்துகொண்டிருந்த கட்டில் சட்டத்தைப் பார்த்தார். பாதி ஆயுள் தண்ணீரை வெளியே தள்ளியவர், அது எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. படகுக்கு வெளியே கடல் இருந்தது. வீட்டுக்கு வெளியே அமிர்தசாமியின் கட்டில்தான் இருந்தது. அவருக்கு அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. மூன்று படியையும் விழுங்கிய ரோட்டின் மேல் ஆத்திரம். அந்த ரோடு தனக்குச் செய்ததையே பம்ப் வைத்துப் பாப்பாயிக்குச் செய்த தன் மேலும் ஆத்திரம்.

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"ஏங்க நிறுத்துனீங்க? தண்ணி ஏறுதுல்ல" என்றாள் கமர் ஜஹான்.

"ஏறட்டும்."

"புத்தி கெட்டுப்போச்சா ஒங்களுக்கு?"

"இத்தன நாளா கெட்டுத்தான் கெடந்துச்சு. நாம எறச்சதெல்லாம் பாப்பாயி வீட்டுக்குள்ள போயிருக்கு. அந்த மனுசன் கட்டிலோட நனையிறாரு. அரிசி மூட்டைய மேல தூக்கணும், ஒரு கை பிடி."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அவர் பிடித்துத் தூக்கினார். அதற்குள் தண்ணீர் இருவர் கணுக்காலையும் தாண்டியிருந்தது.