டிரையர் சூட்டில் மெமரி பொறுக்கிய தங்கமணி

தங்கமணி காலமானார் என்று நல்லேப்பிள்ளியிலிருந்து அவருடைய தம்பி நேற்றுக் காலை தொலைபேசியில் சொன்னார். அவரோடு வேலை பார்த்த உங்களுக்காக எழுத உட்கார்ந்தேன். வரிசை போடாமல் எனக்கு எழுத வராது.

1. எங்கள் கணினிப் பலகை சித்திரபுரத்தில் தடுமாறியது.
2. அதற்கு ஏற்ற மெமரியைத் தங்கமணி தேர்ந்தெடுத்தார்.
3. எங்களில் முறையாக வேலை செய்பவன் நான், அவர் துணிச்சல்காரர்.

எழுபதுகளின் கடைசி. பாலக்காட்டில் ஒரு சிறு மின்னணுக் கூடத்தில் நாங்கள் இருவரும் பொறியாளர்கள். தேயிலை உலர்த்தும் டிரையரின் சூட்டைக் கண்காணிக்க ஒரு கணினிப் பலகை செய்தோம். அது எடுபடாவிட்டால் கணினிப் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். முதலில் மெமரி சில்லுகளைத் தேர்ந்தெடுத்தவன் நான். கால்கள், மின்னழுத்தம், கொள்ளளவு, வேகம் எல்லாம் விவரப் புத்தகப்படி பலகைக்குப் பொருந்தின. எங்கள் குளிரூட்டிய அறையில் பிசகாமல் ஓடியது.

சித்திரபுரம் தேயிலைத் தொழிற்சாலையில் டிரையர் பக்கத்தில் வைத்த சிறிது நேரத்தில் அளவுகள் தாறுமாறாக வந்தன. வெளியே கொண்டுவந்தால் ஒழுங்காக ஓடியது. மேனேஜர் சாயங்காலம் வரை தவணை கொடுத்தார்.

"திரும்பிப் போயிடலாம், தங்கமணி. வேற மெமரி வரவழைச்சுண்டு வரலாம்" என்றேன்.

"ஏனுங்க சார், உழவுக்கு ஜோடி மாடு புடிக்கறப்ப ஒசரம் மட்டுமா பாப்பாங்க? வெயில்ல நடை ஒத்துப்போவுதான்னு பாக்கோணுமுங்க. நம்ம சில்லுல ஒண்ணு ரெண்டு சூட்டுல பின்தங்குது."

அதுதான் விஷயம். சூடேறினால் சில்லு பதில் தரத் தாமதிக்கும், செயலி காத்திருக்காது. நான் வேகத்தைச் சரிக்குச் சரியாக எடுத்திருந்தேன், கொஞ்சமும் மிச்சம் விடாமல்.

பெட்டியில் வேறு கம்பெனிகளின் உபரிச் சில்லுகள் இருந்தன. தங்கமணி மின்சாரத்தை நிறுத்துவார், ஒரு சில்லை மாற்றுவார், பலகையை டிரையர் கதவருகே சூடேற விடுவார், மெமரியில் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பார், சூட்டில் பிசகாத சில்லை மட்டும் வைத்துக்கொள்வார். கால் முளைத்த கருப்புச் சில்லுகளைப் பார்த்து டிரையர்காரர் சுடலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன தாயி, நாங்க தேயிலையக் காயப்போட்டா நீங்க கரப்பான்பூச்சியக் காயப்போடுதீக?"

"கருகுனாச் சொல்லுங்கண்ணா, எறக்கிப்போடலாம்!"

சாயங்காலம் மேனேஜர் தெர்மாமீட்டரோடு வந்தார். அதிலும் பலகையிலும் ஒரே எண். "சூட்டை ஏத்து" என்றார். சுடலை ஏற்றினார். இரண்டும் சேர்ந்தே ஏறின. மேனேஜர் தெர்மாமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, "மத்த டிரையருக்கும் செஞ்சு குடுங்க" என்றார்.

"பூச்சி பொழைச்சுக்கிட்டுதே, தாயி!" என்று சுடலை கத்தியது மொத்தத் தொழிற்சாலைக்கும் கேட்டது. தங்கமணி முகமெல்லாம் கரியோடு நின்று சிரித்தார். எங்கள் பிரிவு நிலைத்தது. உங்களில் பலர் அதில்தான் பிறகு வேலைக்குச் சேர்ந்தீர்கள்.

எந்தப் பொருளையும் அது உழைக்கப்போகும் இடத்திலேயே வைத்துச் சோதிக்கும் வழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. அதை இன்றும் விடவில்லை.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். எது பின்தங்குகிறது என்று பிரித்தறிய, அன்று முழுவதும் அவர் ஒரு தடவைகூட இரண்டு சில்லுகளைச் சேர்த்து மாற்றவில்லை. பாதியில் விட்டுவிட்டு ஓடப் பார்த்தவன் நான். மேலே போட்ட வரிசையில் மூன்றாவது குறிப்பு தவறு.